கணக்குப்பிள்ளை முதல் கன்சல்டன்ட் வரை

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இந்த வாக்கியம் எப்படியும் காதில் விழும்: "பையன் எஸ்.ஏ.பி.ல இருக்கான்." அது கம்பெனி பேரா, சாஃப்ட்வேர் பேரா, பார்க்கிற வேலையின் பேரா என்று கேட்டால் சொன்னவருக்கே சில சமயம் தெரியாது. விசாரித்தால் பையன் படித்தது பி.காம். என்பார்கள், அல்லது காஸ்ட் அக்கவுண்டன்சி, அல்லது மெக்கானிக்கல். முதலில் ஒரு மில்லிலோ ஆடிட்டர் ஆபீஸிலோ நாலைந்து வருஷம் வேலை பார்த்திருப்பான். அப்புறம்தான் இந்தப் பக்கம் தாண்டியிருப்பான்.

இந்தத் தாண்டலைப் பற்றிப் படித்தபோது சேர்த்த குறிப்புகள்தான் இவை. கம்ப்யூட்டர் படிக்காதவர்கள் எப்படி வணிக மென்பொருள் வேலைக்குள் போனார்கள்? சிலருக்கு மட்டும் அது ஏன் வாய்க்காலைத் தாண்டுவது போலச் சுலபமாக இருந்தது? பக்கத்துத் தெருக்காரருக்கு ஏன் கொள்ளிடத்தை நீந்திக் கடப்பது போல இருந்தது?

எனக்குக் கிடைத்த பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கு மாறியதாக நாம் நினைப்பது பெரும்பாலும் கணக்கு இடம் மாறியதுதான். ஓலையிலிருந்து காகிதத்துக்கும் காகிதத்திலிருந்து திரைக்கும் கணக்கு போனது. எழுதுகிறவர்கள் அதன் பின்னாலேயே போனார்கள்.

கொள்முதல் நிலையத்தில் ஓர் ஈ.ஆர்.பி.

இந்த மென்பொருள் என்னதான் செய்கிறது என்று பார்த்துவிடுவோம். எண்டர்பிரைஸ் ரிசோர்ஸ் பிளானிங், சுருக்கமாக ஈ.ஆர்.பி. ஒரு நிறுவனத்தின் கொள்முதல், இருப்பு, உற்பத்தி, விற்பனை, சம்பளம், வரவு செலவு எல்லாவற்றையும் ஒரே ஏட்டில் எழுதுவது. அவ்வளவுதான்.

டெல்டாக்காரருக்கு இதை விளக்க வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். பக்கத்து நேரடி நெல் கொள்முதல் நிலையம் போதும். சம்பா அறுவடை முடிந்து விவசாயி நெல் கொண்டுவருகிறார். கையில் சிட்டா, அடங்கல். ஈரப்பதம் பார்க்கிறார்கள், 17 சதவீதம் வரை சரி, மழை கெடுத்த வருஷங்களில் அரசு கொஞ்சம் தளர்த்தும். தூற்றி, 40 கிலோ மூட்டையாகப் பிடித்து, எடை போட்டு, பட்டியல் எழுத்தர் பில் எழுதுகிறார். பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. நெல் லாரியில் கிடங்குக்கும், அங்கிருந்து அரவை ஆலைக்கும், பிறகு அரிசியாக ரேஷன் கடைக்கும் போகிறது.

இப்போது இதையே ஒரு கன்சல்டன்ட் எப்படிச் சொல்வார் பாருங்கள். சிட்டா அடங்கல் சரிபார்ப்பது வெண்டர் மாஸ்டர். ஈரப்பதம் பார்ப்பது குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன். எடை போட்டு வாங்குவது கூட்ஸ் ரசீட். பில், இன்வாய்ஸ். வங்கிக்குப் போவது பேமெண்ட் ரன். பெயர்தான் வேறு.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தத் தொழிலின் சாரமே அதில்தான் இருப்பதாக எனக்குப் படுகிறது. 17 சதவீத ஈரத்தில் வாங்கிய 40 கிலோ மூட்டையில் தண்ணீர் நீங்கலாக 33.2 கிலோ இருக்கிறது. கிடங்கில் காய்ந்து ஈரம் 14 சதவீதத்துக்கு வந்தால் அதே மூட்டை சுமார் 38.6 கிலோதான் நிற்கும். ஒரு மணி நெல்லைக்கூட யாரும் எடுக்கவில்லை, ஆனாலும் மூட்டைக்கு 1.4 கிலோ குறைகிறது. ஆயிரம் மூட்டைக்கு 1.4 டன். ஏறக்குறைய 35 மூட்டை மாயம்!

நெல்லைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் மென்பொருளை அமைத்தால் திரையில் இது "பற்றாக்குறை" என்று வரும். அதற்கு யாரோ ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நெல் தெரிந்தவர் அமைத்தால் ஒவ்வொரு லாட்டுக்கும் ஈரப்பதத்தைச் சேர்த்தே எழுத வைப்பார், இயல்பான காய்ச்சலுக்கு ஒரு வரம்பு வைப்பார், அதற்கு மேல் குறைந்தால் மட்டும் கேள்வி கேட்க வைப்பார். இரண்டு பேரும் பயன்படுத்துவது ஒரே சாஃப்ட்வேர்தான். வித்தியாசம் தலைக்குள் இருக்கும் சரக்கில்.

ஜெர்மனியில் ஐந்து பேர்

எஸ்.ஏ.பி.யின் கதையும் ஒரு வேலை மாற்றக் கதைதான். 1972-ல் ஜெர்மனியில் ஐ.பி.எம். வேலையை விட்டு வெளியே வந்த ஐந்து பொறியாளர்கள் அதைத் தொடங்கினார்கள்: டீட்மார் ஹோப், ஹாஸோ பிளாட்னர், கிளவுஸ் ட்சீரா, ஹான்ஸ்-வெர்னர் ஹெக்டர், கிளவுஸ் வெல்லன்ராய்டர். இவர்களில் வெல்லன்ராய்டர் கணக்கு மென்பொருளில் கைதேர்ந்தவர். முதல் வாடிக்கையாளர் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் நைலான் ஆலை. சொந்தக் கம்ப்யூட்டர் கிடையாது. ஆலையின் கம்ப்யூட்டரில் ராத்திரியிலும் வார இறுதியிலும் உட்கார்ந்து எழுதினார்கள்.

அவர்கள் பிடித்துக்கொண்ட யோசனைகள் இரண்டு. ஒன்று, கார்டுகளில் துளை போட்டு ராத்திரி மொத்தமாக ஓட்டாமல், நடந்தது நடந்த உடனே கணக்கில் ஏற வேண்டும். இரண்டு, ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாக எழுதாமல் எல்லோருக்கும் பொதுவான ஒரு நிரல் வேண்டும். இரண்டாவது யோசனைதான் "கன்சல்டன்ட்" என்ற வேலையையே இவ்வளவு பெரிதாக்கியது. சட்டை பொதுவாகத் தைக்கப்பட்டது என்றால், ஒவ்வொரு உடம்புக்கும் பிடித்துக் கொடுக்க ஊருக்கு ஊர் தையல்காரர் வேண்டுமே!

1992-ல் ஆர்/3 வந்தது. பெரிய மெயின்ஃபிரேம் இல்லாமலும் ஓடியதால் நடுத்தரக் கம்பெனிகளும் வாங்கத் தொடங்கின. 1996-ல் எஸ்.ஏ.பி. இந்தியாவில் கிளை திறந்தது. அதே பத்தாண்டில் சென்னையிலிருந்து ராம்கோ, 'மார்ஷல்' என்ற பெயரில் தன் சொந்த ஈ.ஆர்.பி.யைக் கொண்டுவந்தது. ராஜபாளையத்தில் பஞ்சாலையோடு தொடங்கிய குழுமம் அது. ஆலை நடத்தியவர்கள் ஆலைக்கான மென்பொருள் எழுதப் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சரி, டெல்டாவுக்கு வருவோம். இங்கே கணக்கு எவ்வளவு பழையது?

கோயில் சுவரில் பணியிடப் பட்டியல்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அதில் பக்தியைவிடக் கணக்கு அதிகம். எந்த ஊர் எத்தனை கலம் நெல் அனுப்ப வேண்டும், எந்த நகையில் எத்தனை முத்து, எந்த விளக்குக்கு எத்தனை ஆடு என்று எல்லாம் சுவரில் இருக்கிறது.

ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, சுமார் 1014-ஐச் சேர்ந்தது, கோயில் பணியாளர்களைப் பட்டியலிடுகிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர். ஒவ்வொருவருக்கும் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்று வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதே பட்டியலில் ஆடல் ஆசான்கள், வாத்தியக்காரர்கள், தையல்காரர், தச்சர் எல்லோரும் உண்டு, கணக்கரும் உண்டு.

எனக்குப் பிடித்தது அதற்கடுத்து வரும் விதி. பங்கு பெறுபவர் இறந்தாலோ வெளியூர் போய்விட்டாலோ, நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்று வேலையைச் செய்யலாம். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறு ஒருவரை வைத்துச் செய்ய வேண்டும். உறவே இல்லையென்றால் அதே வேலையில் இருப்பவர்கள் தகுதியானவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்றைக்கு எந்த மனிதவள மென்பொருளைத் திறந்தாலும் முதல் பாடம் இதுதான்: பணியிடம் வேறு, அதில் உட்கார்ந்திருக்கும் ஆள் வேறு. சம்பளமும் பொறுப்பும் பணியிடத்தோடு ஒட்டியிருக்கும், ஆள் மாறிக்கொண்டே இருப்பார். எஸ்.ஏ.பி.யில் பொசிஷன், பெர்சன் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் ஒரு வாரம் தலையைச் சொறியும் இடம் இது. தஞ்சாவூரில் ஆயிரம் வருஷமாகச் சுவரில் இருக்கிறது.

"எல்லாம் நம்மகிட்ட அப்பவே இருந்துச்சு" என்று மார்தட்ட நான் இதைச் சொல்லவில்லை. பெரிய அளவில் நெல் வாங்கி, வைத்து, பிரித்துக் கொடுக்கும் எந்த இடத்திலும் இப்படிப்பட்ட கணக்கு தானாகவே வளரும். நைல் கரையிலும் மெசப்பொட்டேமியாவிலும் வளர்ந்தது. காவிரிக் கரையில் அது விடாமல் தொடர்ந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

கர்ணத்தின் மாஸ்டர் டேட்டா

அந்தத் தொடர்ச்சியின் கடைசிக் கண்ணி கிராமக் கர்ணம். ஆங்கிலேயர் காலத்து ரயத்துவாரி முறையில் அவர் வைத்திருந்த ஏடுகளைக் கொஞ்சம் கவனியுங்கள்.

'அ' பதிவேடு: சர்வே எண்வாரியாக நிலத்தின் பரப்பு, வகை, தீர்வை. எளிதில் மாறாத தகவல். இன்றைய மொழியில் மாஸ்டர் டேட்டா.

சிட்டா: அதே நிலங்கள் பட்டாதார் வாரியாக. யார் பெயரில் என்னென்ன இருக்கிறது. அதாவது கஸ்டமர் லெட்ஜர்.

அடங்கல்: கிராமக் கணக்கில் 2-ம் நம்பர். குறுவையா, சம்பாவா, தாளடியா, இந்தப் போகத்தில் இந்த நிலத்தில் என்ன பயிர், பாசனம் எங்கிருந்து என்று போகத்துக்குப் போகம் எழுதுவது. இதுதான் டிரான்ஸாக்ஷன் டேட்டா.

ஜமாபந்தி: பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கும். வருஷக் கணக்கை முடிக்க மேலதிகாரி வந்து உட்கார்ந்து, எல்லா ஏடும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். இயர் எண்ட் குளோசிங்கும் ஆடிட்டும் சேர்ந்தது.

ஒரே நிலத்தை எண் வாரியாகவும் ஆள் வாரியாகவும் பருவ வாரியாகவும் மூன்று கோணத்தில் எழுதி, வருஷ முடிவில் மூன்றும் ஒத்துப்போக வேண்டும் என்பது சாதாரண விஷயமில்லை. டேட்டாபேஸ் பாடத்தின் பாதி இதற்குள் அடங்கிவிடும்.

ஆனால் ஜமாபந்தியில் ஏடு ஒத்துப்போனாலும், ஏடும் வயலும் ஒத்துப்போகுமா? உழுகிறவர் ஒருவர், ஏட்டில் இருப்பவர் இன்னொருவர். வாய்மொழிக் குத்தகை ஏட்டில் ஏறவே ஏறாது. கர்ணத்தின் அதிகாரம் இருந்தது அந்த இடைவெளியில்தான். எதை எழுதுவது, எதை விடுவது என்பது அவர் கையில்.

1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. கிராம முன்சீப், கர்ணம் எல்லாம் போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1982-ல் அரசுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. அந்த இடத்துக்கு கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள், தேர்வு எழுதி. ஏடுகள் அப்படியே இருந்தன, எழுதும் கை மட்டும் மாறியது. பணியிடம் வேறு ஆள் வேறு என்று சுவரில் எழுதியது இங்கே சட்டமாகவே வந்துவிட்டது.

வெளியே போனவர்கள்

இதற்கு ரொம்ப முன்பே டெல்டாவில் எழுதத் தெரிந்தவர்கள் வெளியூர் கிளம்பிவிட்டார்கள். கும்பகோணம் கல்லூரியும் ரயிலும் வழி திறந்தன. கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ் திருவிதாங்கூர், இந்தூர், பரோடா என மூன்று சமஸ்தானங்களுக்குத் திவானாக இருந்தார். நிர்வாகம் சீர்கெட்ட இடத்துக்கு வெளியாளாகப் போய், வரவு செலவைச் சீராக்கி, அடுத்த இடத்துக்கு நகர்வது. இதை இன்றைக்கு என்ன பெயரில் அழைப்போம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. மாதம் 30 ரூபாய். அங்கே தலைமைக் கணக்கராக இருந்து அவரை ஆதரித்த எஸ். நாராயண ஐயர், திருச்சியில் கல்லூரிக் கணித ஆசிரியராக இருந்துவிட்டு கணக்கு வேலைக்கு மாறியவர். வேலை மாறுவது அன்றைக்கும் அதிசயமில்லை.

1904-ல் கும்பகோணத்திலேயே 'கும்பகோணம் பேங்க்' தொடங்கியது. இன்றைய சிட்டி யூனியன் வங்கி அதுதான். அந்த ஊருக்குக் கணக்கு ஒரு உள்ளூர்த் தொழிலாகவும் இருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பிறகு டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட். லோயர், ஹையர் பாஸ் பண்ணிவிட்டு பம்பாய்க்கும் டெல்லிக்கும் ரயில் ஏறிய தலைமுறை. மானுடவியலாளர்கள் இந்த நகர்வை நெருக்கமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். கேத்லீன் கஃப் 1950-களின் தொடக்கத்திலும், ஆந்த்ரே பெத்தேய் 1961-62-லும் தஞ்சாவூர்க் கிராமங்களில் தங்கி, அக்ரஹாரங்கள் காலியாவதையும் நிலம் கைமாறுவதையும் எழுதினார்கள். பிறகு சி.ஜே. ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் கும்பகோணத்தை அடுத்த திப்பிராஜபுரத்தின் வாத்திமக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து சென்னைக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். 2014-ல் வந்த அவர்களுடைய புத்தகத்தில், நிலச்சுவான்தார் வீட்டுப் பேரன் பேத்திகள் ஐ.டி. வேலையில் இருப்பது விரிவாக இருக்கிறது.

அதைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஒரே தலைமுறையில் யாரும் மிராசிலிருந்து மென்பொருளுக்குக் குதிக்கவில்லை. நடுவில் பள்ளிக்கூடம், குமாஸ்தா, ஸ்டெனோ, வங்கி, ஆடிட்டர், இன்ஜினியர் என்று படிக்கட்டுகள் இருந்தன. ஒவ்வொரு படியிலும் நிலத்தை விற்ற பணமோ, முன்னாடியே போய் ஊன்றிக்கொண்ட மாமா வீட்டு அறையோ தாங்கிப் பிடித்தது.

எஃப்.ஐ., சி.ஓ., எம்.எம்.: தாண்டிய பத்தாண்டு

1990-களின் இரண்டாம் பாதியில்தான் படிக்கட்டின் இந்தப் படி வந்தது. 2000-ம் வருஷப் பிரச்சினை நெருங்கியபோது, பழைய கோபால் நிரல்களில் இரண்டு இலக்க வருஷத்தைத் திருத்துவதைவிட மொத்தமாகத் தூக்கிவிட்டு ஈ.ஆர்.பி. போட்டுவிடலாம் என்று பல கம்பெனிகள் முடிவு செய்தன. அதற்கு ஆள் வேண்டும். கோடு எழுதுகிறவர்கள் ஒரு வகை. அவர்கள் ஏபாப் மொழி கற்றுக்கொண்டார்கள். இன்னொரு வகைதான் புதுசு: "ஃபங்ஷனல் கன்சல்டன்ட்". கணக்குக்கு எஃப்.ஐ., செலவுக் கணக்குக்கு சி.ஓ., சரக்குக்கு எம்.எம்., உற்பத்திக்கு பி.பி., விற்பனைக்கு எஸ்.டி.

இந்த இரண்டாவது வகைக்கு கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டம் தேவைப்படவில்லை. தேய்மானம் எப்படிப் போடுவது, மாதக் கணக்கை எப்படி மூடுவது, பாதி முடிந்த சரக்குக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தவர் வேண்டும். சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட், காஸ்ட் அக்கவுண்டன்ட், ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர், பிளான்ட் இன்ஜினியர் எல்லோரும் மாறியது அப்படித்தான்.

வேலை முறையும் அவர்களுக்குப் பழக்கமானதுதான். 1990-களில் எஸ்.ஏ.பி. கொடுத்த வழிமுறையில் ஐந்து கட்டங்கள்: தயாரிப்பு, புளூபிரிண்ட், அமைத்தல், இறுதித் தயாரிப்பு, ஓடவிட்டுத் தாங்கிப் பிடித்தல். புளூபிரிண்ட் கட்டத்தில் கன்சல்டன்ட் ஆலைக்குள் போய் ஒவ்வொரு மேஜையிலும் உட்கார்ந்து "இப்ப எப்படிப் பண்றீங்க?" என்று கேட்பார். சொல்வது ஒன்று, ஏட்டில் இருப்பது ஒன்று, நடப்பது இன்னொன்று. மூன்றையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஜமாபந்தி மாதிரிதான்!

சின்ன ஊர்களுக்கு வேறு வாசல் இருந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் ஓரத்தில் நாலு கம்ப்யூட்டர் வந்தது. டி.சி.ஏ., ஃபாக்ஸ்ப்ரோ, அப்புறம் டாலி. உரக்கடை, நெல் மண்டி, நவீன அரிசி ஆலை எல்லாம் டாலிக்கு மாறின. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மீதிப் பேரும் மாறினார்கள். பெரிய கம்பெனியின் எஃப்.ஐ. கன்சல்டன்டும் திருவாரூர் உரக்கடையின் டாலி ஆப்பரேட்டரும் தொழிலால் பங்காளிகள். சம்பளத்தில்தான் பங்காளிகள் இல்லை.

உமையாள்புரத்திலிருந்து ஒரு கோடு

கும்பகோணத்துக்குப் பக்கத்து உமையாள்புரம் என்றால் மிருதங்கம் நினைவுக்கு வரும். ஸோஹோவின் ஸ்ரீதர் வேம்புவும் அந்த ஊர்க் குடும்பம்தான். அவருடைய வரலாற்றில் நான் மேலே சொன்ன படிக்கட்டு அச்சாகத் தெரிகிறது. டெல்டாக் கிராமம். தந்தை சென்னை உயர் நீதிமன்றத்தில் ஸ்டெனோ. மகன் 1989-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் மின்பொறியியல் பட்டம், 1994-ல் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம், பிறகு குவால்காமில் கம்பியில்லாத் தொலைத்தொடர்பு வேலை.

1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட் வணிக மென்பொருள் கம்பெனி அல்ல. தொலைத்தொடர்புக் கருவிகள் செய்பவர்களுக்கு நெட்வொர்க் மேலாண்மை நிரல் விற்றது. 2001 வாக்கில் அந்தச் சந்தை சரிந்தது. வாங்கிக்கொண்டிருந்த கம்பெனிகளே தள்ளாடின. அப்போதுதான் அது கம்பெனிகளின் உள்வேலைக்கான மென்பொருள் பக்கம் திரும்பியது. 2005-ல் ஸோஹோ என்ற பெயரில் இணையவழிச் செயலிகள், 2009-ல் கம்பெனி பெயரே ஸோஹோ. தனி ஆள் மட்டும் வேலை மாறுவதில்லை, கம்பெனியும் மாறும். அதற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: பழைய இடத்தில் தண்ணீர் வரவில்லை.

2025-ல் அந்த நிறுவனம் தன் ஈ.ஆர்.பி.யை அறிமுகப்படுத்தியது கும்பகோணத்தில். வெளியே போன கணக்கு ஊர் திரும்பியது என்று யாராவது தலைப்பு போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் யாருக்குத் திரும்பியது என்று ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது.

களத்தின் மறுபக்கம்

மரக்காலால் நெல் அளக்கும் களத்தில் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் கணக்குப்பிள்ளை. மறுபக்கம் அறுத்து, அடித்து, கூலி நெல்லுக்காக நிற்பவர். இந்தக் கட்டுரையில் இதுவரை வந்தவர்கள் எல்லோரும் முதல் பக்கம்.

மறுபக்கத்தில் இருந்த பண்ணையாள் குடும்பங்களுக்கும் கணக்கு தெரியும். எத்தனை கலம் கண்டது, தனக்கு எத்தனை மரக்கால் வர வேண்டும், அளக்கும்போது எவ்வளவு கைநழுவுகிறது என்று துல்லியமாகத் தெரியும். ஆனால் அந்த ஏட்டில் அவர்கள் எழுதியவர்கள் அல்ல, எழுதப்பட்டவர்கள். 1952-ல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது அதனால்தான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தகராறு முற்றித்தான் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். டெல்டாவின் கணக்கு வரலாற்றைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது.

இந்தக் குடும்பங்களுக்கு ஸ்டெனோ, வங்கி என்ற நடுப்படிகள் அநேகமாக வாய்க்கவில்லை. விற்க நிலம் இல்லை, தங்க மாமா வீடு இல்லை. ஆகவே ஒரே தாண்டலில் கடக்க வேண்டியிருந்தது. 1980-களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. தஞ்சாவூரில் இன்றைய சாஸ்த்ரா 1984-ல் தொடங்கியது. 2007-ல் பொறியியல் நுழைவுத் தேர்வு நீங்கியது. 2010-ல் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை வந்தது. ஐ.டி. கம்பெனிகள் எந்தப் பிரிவு இன்ஜினியர் என்று பார்க்காமல் எடுத்துப் பயிற்சி கொடுத்ததும் கைகொடுத்தது. ஸோஹோ 2005 வாக்கிலிருந்து பிளஸ் டூ, டிப்ளமா முடித்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்தே நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறது. பட்டம் என்ற படியையே எடுத்துவிட்டுக் கட்டிய ஏணி அது. 2024 செப்டம்பரில் தஞ்சாவூரிலேயே சிறிய டைடல் பூங்கா திறந்தார்கள்.

கூடவே ஏமாற்றும் வளர்ந்தது. நகையை அடகு வைத்து மூன்று மாத கோர்ஸ் சேர்ந்து, போலி அனுபவத்தோடு ரெஸ்யூமே தயாரித்து, இன்டர்வியூவில் மூன்றாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வது. அங்கே சொல்லிக்கொடுப்பது திரைகளை: எந்தக் குறியீடு அடித்தால் எந்தப் பக்கம் திறக்கும் என்று. இன்டர்வியூவில் கேட்பதோ, "சரக்கு வந்துடுச்சு, பில் வரல, மாசக் கணக்கை மூடணும், என்ன பண்ணுவீங்க?" என்று. அந்தக் கேள்விக்குப் பதில் திரையில் இல்லை. பேரேட்டில் இருக்கிறது.

இன்றைக்குத் தாண்ட நினைப்பவருக்கு

எஸ்.ஏ.பி. தன் பழைய ஈ.சி.சி. வடிவத்துக்கான வழக்கமான பராமரிப்பை 2027 கடைசியோடு நிறுத்துவதாக அறிவித்திருக்கிறது. பழைய கம்பெனிகள் புதிய எஸ்/4-க்கு மாற வேண்டும். 2000-க்கு முன் வந்தது போல இன்னொரு அலை. கோடு எழுதும் வேலையில் ஒரு பங்கை இப்போது இயந்திரமே செய்கிறது. ஆனால் 40 கிலோ மூட்டை ஏன் 38.6 ஆனது என்று கேட்கத் தெரிந்த ஆளின் தேவை குறைந்த மாதிரி தெரியவில்லை.

அதனால் என் கணிப்பு இது. அரிசி ஆலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவர், கூட்டுறவுச் சங்கத்தில் உரக் கணக்கு எழுதியவர், கொள்முதல் நிலையத்தில் ஒரு சீசன் முழுக்கச் சாக்கு எண்ணியவர், இவர்களெல்லாம் தங்கள் அனுபவத்தை "ஐ.டி. அல்லாத வேலை" என்று ரெஸ்யூமேயின் கடைசி வரிக்குத் தள்ளுகிறார்கள். அதுதான் முதல் வரி. எந்தத் துறை தெரியுமோ அந்தத் துறையின் மாட்யூலைப் பிடியுங்கள். சரக்கு தெரிந்தவர் எம்.எம்., கணக்கு தெரிந்தவர் எஃப்.ஐ. குறியீடுகளை ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம், களத்தை ஆறு மாதத்தில் கற்க முடியாது.

களத்தின் மறுபக்கத்திலிருந்து வருபவருக்கு இன்னொரு பலமும் உண்டு. ஏட்டுக்கும் வயலுக்கும் இடையில் எங்கே ஓட்டை விழும் என்பது, எழுதியவரைவிட எழுதப்பட்டவருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கண்ணோடு ஒருவர் புளூபிரிண்ட் கூட்டத்தில் உட்கார்ந்தால், "இந்த எடைக் குறைவு யார் தலையில் விழும்?" என்ற கேள்வி மென்பொருள் ஓடத் தொடங்கும் முன்பே மேஜைக்கு வரும்.

திப்பிராஜபுரத்துக்குப் புத்தகம் இருக்கிறது. டெல்டாவின் மற்றத் தெருக்களிலிருந்து இந்த வேலைக்குப் போனவர்களின் வரலாறும் அதே அளவு விரிவாக எழுதப்பட வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ முதல் ஆளாகத் தாண்டியவர் இருந்தால், அவர் முதலில் என்ன வேலை பார்த்தார், யார் வீட்டில் தங்கினார், கோர்ஸுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்ற மூன்றையும் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் ஒரு கணக்குதான்.